முடி கொட்டாத நாய்

விசுவாசத்தின் விலை இருபத்தெட்டாயிரம் ரூபாய். கொளஞ்சிநாதன் அதை இருபத்தாறாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தார்.

"அப்பா பூடிலு, அம்மா காக்கருங்க. புள்ளைங்கன்னா உசுர வுடும். ஆயுசுக்கும் உங்க காலயே சுத்தி வரும்" என்று புதுச்சேரியில் நாய்க்குட்டி விற்கிறவர் அடுக்கிக்கொண்டே போனார். அதெல்லாம் கொளஞ்சிநாதன் காதில் ஏறவில்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறையும், ஜங்ஷன் ரோட்டில் கடையும் வைத்திருக்கிற மனிதர். கோப்பையை விரலால் சுண்டி, அது ‘ணங்’ என்றால் முதல் தரம், ‘டொக்’ என்றால் கீறல் என்று பிரித்தே தலை நரைத்தவர். நாயைச் சுண்டிப் பார்க்க வழியில்லை. பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடி கொட்டுமா?"

"ஒரு முடி கொட்டாதுங்க மொதலாளி. சோபா, காரு, பட்டுப்பொடவ, எதுலயும் ஒட்டாது. பூடில் கிராஸுக்கு வெலையே அதுக்குத்தான்."

கொட்டாத முடி பிறகு எங்கேதான் போகும் என்று இவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அவர் வியாபாரியே இல்லை. குட்டியோடு கம்பிப் பல் வைத்த சீப்பு ஒன்றைச் சும்மா கொடுத்தார். சும்மா வந்த காரணத்தாலேயே அந்தச் சீப்புக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லாமல் போயிற்று.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் கனிஷ்காவுக்காக வாங்கியது. அவளே பெயரும் வைத்தாள். முதல் சூட்டில் வெந்து, மெருகு ஏற்றாமல் அடுக்கி வைத்திருக்கும் பொம்மையைப் பட்டறையில் பிஸ்கட் என்பார்கள். குட்டியும் அதே இளம்பழுப்பு நிறம். பிஸ்கட் என்று கூப்பிட்டால் சுருள் சுருளான காதை ஆட்டிக்கொண்டு உருண்டு வரும். தெருவே வாசலில் நின்று பார்த்தது. "ஒரிஜினலா?" என்று கேட்டவர்களிடம் கொளஞ்சிநாதன் நாற்பதாயிரம் என்று சொன்னார்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு முடி தன் வேலையைத் தொடங்கியது.

நெய்வேலியில் நாய்க்கு முடிவெட்டுகிற கடை இருந்தது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொன்னார்கள், ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு. "எனக்கே நூத்தம்பதுக்கு வெட்டி, மண்டையத் தட்டி அனுப்பறான். நாயிக்கு ஆயிரத்தி ஐநூறா?" என்று கொளஞ்சிநாதன் இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டார். கனிஷ்கா சீப்பை எடுப்பாள், ஆனால் வீடியோ எடுக்கிற அன்றைக்கு மட்டும். நெற்றியும் முதுகின் மேல்மயிரும் பஞ்சு மாதிரி நிற்கும். அடியில், தோலை ஒட்டி, காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சிக்கிச் சிக்கித் திரிந்துகொண்டிருந்தது. மனைவி வாசுகி ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டினாள். சிக்கு எடுக்காமல் நனைத்தால் காயக் காய முடி இறுகும். நாளாவட்டத்தில் அது மயிராக இல்லாமல் கம்பளிச் சட்டையாகி, பொத்தான் இல்லாத அந்தச் சட்டை உடம்பை நெரித்தது. காதுக்குள் சீழ் வைத்து வாடை வந்தது.

"ஏங்க, வூட்டுக்குள்ள நிக்க முடியல. பட்டறையில கொண்டு போய்க் கட்டுங்க" என்றாள் வாசுகி.

"அம்மா, பாவம்மா!" என்றாள் கனிஷ்கா.

"அப்ப நீ உன் ரூமுல வெச்சிக்கடி."

கனிஷ்காவுக்கு அன்று மாலை டியூஷன் இருந்தது.

பட்டறையில் நாய் சூளை ஓரம் படுத்தது. அச்சில் ஊற்றுகிற களிமண் கூழ் தெறித்துத் தெறித்து அதன் மேல் காய்ந்தது. யாராவது தடவிக் கொடுத்தால் சிக்கு தோலை இழுக்கும். வாலை ஆட்டிக்கொண்டே பல்லைக் காட்டக் கற்றுக்கொண்டது. பட்டறைப் பெண்கள் அதைப் பார்த்து, "மொதலாளி மாதிரியே சிரிக்குது" என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆடி மாதம் கொலு பொம்மை ஆர்டரோடு சென்னையிலிருந்து மொத்த வியாபாரி பாலகிருஷ்ணன் வந்தார். பேரம் முடியும் நேரத்தில் குனிந்து, "அடடே, பூடிலா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்று காதுக்குப் பின்னால் பிடித்துக் கொஞ்சினார். பிஸ்கட் அவர் உள்ளங்கையில் நான்கு பல்லைப் பதித்தது.

கொளஞ்சிநாதன் ஊசி போட அழைத்துப்போனார். கட்டுப் போட்ட கையை மேஜைமேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு பாலகிருஷ்ணன் பேரத்தை முதலிலிருந்து தொடங்கினார். சாதாரணமாக அவர் இருநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஆள். அன்றைக்குக் கைக்கட்டைப் பார்த்துப் பார்த்தே பதினாலாயிரத்தைக் குறைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவே கொளஞ்சிநாதன் முடிவு செய்துவிட்டார். மறுநாள் திட்டக்குடிக் கடை ஒன்றுக்கு டீக் கோப்பை இறக்க வேண்டியிருந்தது. டிரைவரை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் குட்டியானை வண்டியைத் தானே எடுத்தார். பக்கத்து சீட்டில் பிஸ்கட்டை ஏற்றினார். பட்டறைக்குப் போனதிலிருந்து அதை யாரும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. அது ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவர் தொடையில் வாலால் அடித்துக்கொண்டே வந்தது.

சரக்கை இறக்கிவிட்டு வெலிங்டன் ஏரிக்கரைக்கு ஓட்டினார். இறங்கி ஒரு பொறையை வீசினார். நாய் குதித்தோடி அதைக் கவ்வியது. இவர் கதவைச் சாத்துவதற்குள் பொறையோடு திரும்பி ஏறி, சீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. இன்னொன்றைத் தூர வீசினார். அதையும் எடுத்துக்கொண்டு வந்து இந்த முறை அவர் மடியில் வைத்தது.

மூன்றாவதற்குப் பொறை போதாது என்று தெரிந்தது. கழுத்துப் பட்டையை அவிழ்த்தார். அதில் பித்தளைத் தகட்டில் கனிஷ்காவின் பெயரும் அவருடைய போன் நம்பரும் இருந்தன. நாயை இறக்கி, ஒரு கல்லை எடுத்தார். முதல் கல்லை அது விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே ஓடியது. இரண்டாவது கல் விலாவில் பட்டபோதுதான் நின்றது. அப்போதும் வால் ஆடிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்பது போல, மெதுவாக.

பட்டையை ஏரியில் எறியக் கையை ஓங்கினார். நல்ல தோல், அறுநூற்றைம்பது ரூபாய். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில், "பட்டறை கேட்டு தொறந்திருந்திச்சு, ஓடிடுச்சு" என்றார். கனிஷ்கா அழுத அழுகையைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாலக்கரை வரைக்கும் தெருத் தெருவாகப் போய், "பிஸ்கட்! பிஸ்கட்!" என்று அவள் குரலைவிட ஒரு சுருதி தூக்கியே கத்தினார். கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் பரிசு என்று நோட்டீஸ் ஒட்டினார். மகள் ஐயாயிரம் என்றுதான் சொன்னாள்; இவர்தான் பத்தாயிரமாக்கினார். கொடுக்க வேண்டிய அவசியமில்லாத பணத்தில் அவரைவிடத் தாராளமான ஆள் விருத்தாசலத்தில் கிடையாது.

மகள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடமும் போகவில்லை. நான்காம் நாள் வாசுகி சொன்னாள்:

"யாரோ தூக்கினு போயிட்டாங்க. நாப்பதாயிரம் நாப்பதாயிரம்னு ஊர் பூரா சொல்லி வெச்சீங்களே. வாங்க, பிராது கட்டிடலாம்."

கொளஞ்சிநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்த வட்டாரத்தில் போலீசுக்குப் போவதைவிடப் பெரிய காரியம். திருட்டு, துரோகம், கொடுத்த கடன், ஓடிப்போன மாப்பிள்ளை, எதுவானாலும் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்துக் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் அவர் தீர்த்துவைப்பார். தீர்ந்த பிறகு பிராது கொடுத்தவரே போய் ராஜினாமா எழுதி வாபஸ் வாங்கவேண்டும். கொளஞ்சிநாதன் அந்த சாமியிடம் வேண்டிப் பிறந்து, அந்த சாமி பெயரையே வைத்துக்கொண்டவர். போலீஸ் ஸ்டேஷனில் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரித் துறையில் வருஷா வருஷம் கொடுக்கிறார். இங்கே கொடுத்ததில்லை.

கோயில் வாசலில் கனிஷ்கா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

"கெடைச்சாப் போதும்னு மட்டும் எழுதும்மா" என்றார் அப்பா. "யாரையும் சபிக்க வேணாம். யாரோ, இன்னா கஷ்டமோ."

"இன்னாப்பா கஷ்டம்? பிஸ்கட்ட வூட்டுலேர்ந்து பிரிச்சவங்களுக்குக் கை வெளங்காமப் போவணும். ரெண்டு கையும்."

"ரெண்டு எதுக்கும்மா? ஒண்ணு போதும்."

"ஏங்க, சாமிகிட்டயும் பேரமா?" என்றாள் வாசுகி.

"இல்லடி, அதிகமாக் கேட்டா சாமி யோசிக்கும். ஒண்ணுன்னா சட்டுனு முடியும். எடது கைன்னு போடு கண்ணு."

கனிஷ்கா பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "வலது கையாலதானப்பா தூக்கியிருப்பாங்க" என்று சொல்லி, வலது என்று எழுதி, அதற்கடியில் இரண்டு கோடும் போட்டாள்.

கட்டணம் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில். கேட்டபோது கொளஞ்சிநாதன் பழக்க தோஷத்தில் ஒரு கிலோமீட்டரைக் குறைத்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு சரியாகச் சொன்னார். சாமியிடமிருந்து விபூதியோடு வந்த காகிதத்தைச் சுருட்டி, முனியப்பர் சந்நிதியில் கனிஷ்காதான் கட்டினாள். முடிச்சை இழுத்து இழுத்து இறுக்கினாள். அப்பாவின் மகள், சரக்கை அவிழாமல் கட்டத் தெரியும்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு காலை கொளஞ்சிநாதன் கோப்பையைச் சுண்டினார். சத்தம் கேட்டது, ஆனால் விரலில் ஒன்றும் தெரியவில்லை. வலது கை மதமதவென்று மரத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள், நரம்பு என்றார்கள். சர்க்கரை அவருக்குப் பத்து வருஷமாக இருக்கிறது. பிராது கட்டித்தான் மூன்று வாரம் ஆகிறது. எது செய்த வேலை என்று கணக்குப் போட அவருக்கு ஆடிட்டர் தேவைப்படவில்லை.

நாயைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டால் மகள் ராஜினாமா எழுதிவிடுவாள். அவ்வளவுதான் காரியம். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்.

கரையில் மீன் வறுத்து விற்கிற பெரியநாயகியிடம் விசாரித்தார். நாற்பது வயசு, வாயில் வெற்றிலை, கண்ணில் தராசு.

"யம்மா, இங்க ஒரு நாயி... சடையா, பழுப்பா..."

"சடையாவா? அப்பிடி ஒண்ணும் இல்லியே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு எலும்புக்கூடு ஓடி வந்தது. உடம்பு முழுக்க ஒட்டச் சிரைத்த நாய். இளஞ்சிவப்புத் தோல்மேல் சாம்பல் வெள்ளையாக அரை விரல் முடி. விலாவில் ஆறிய காயம். கழுத்துக் கயிறு இழுத்து நிறுத்துகிற இடம்வரை வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று, கொளஞ்சிநாதனைப் பார்த்து அழுதது. நாய் ஊளையிடும், குரைக்கும். இது அழுதது.

"இது என்னுது இல்ல" என்றார் அவர். விலை கேட்பதற்கு முன்னால் எந்தப் பொருளையும் அப்படித்தான் சொல்வார்.

"அப்பிடீங்களா?" பெரியநாயகி வெற்றிலையைத் துப்பினாள். "செம்மறியாட்டுக்கு மயிரு கத்திரிக்கிறவன் வந்தான், இதையும் பிடிச்சி உக்கார வெச்சேன். அப்பிடியே ஒரே பாயா உரிஞ்சி வந்துச்சு சாரு! அடியில புண்ணு, புழு. வேப்பெண்ண போட்டேன். அந்தப் பாயி மேலதான் கோழிய அடை வெச்சிருக்கேன். நல்ல கதகதப்பு."

"காவலுக்கு வெச்சிருக்கியா?"

"மீனு காயப் போட்டா காக்கா வருமில்ல, தொரத்தும். கருவாட்டுத் தலையப் போட்டுட்டுக் கட்டி வெச்சிருவேன்."

"பாவம், சும்மா ஒரு எறக்கத்துல கேக்கறேன். ஆயிரம் ரூவா தரேன், குடுத்துடு."

நாய் அதற்குள் அவர் செருப்பை எட்டிவிட்டது. நக்கியது. புரண்டு படுத்து வயிற்றைக் காட்டியது. பெரியநாயகி நாயைப் பார்த்தாள், நின்றிருந்த காரைப் பார்த்தாள்.

"அஞ்சாயிரம்" என்றாள்.

"தெரு நாயிக்கா?"

அந்தச் சமயத்தில் நாய் அவருடைய வலது கையைத் தேடிப்பிடித்து மூக்கை அதற்குள் திணித்தது.

"எட்டு" என்றாள் பெரியநாயகி.

கொளஞ்சிநாதன் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். தள்ளிய காலையும் அது கொஞ்சியது. வால் ஆட ஆட விலை ஏறியது. வாழ்நாளில் முதல் தடவையாக, சரக்கே விற்கிறவள் பக்கம் நின்று பேரம் பேசுவதைப் பார்த்தார். பதினோராயிரத்தில் முடிந்தது. கயிறு தனி என்று அதை அவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"சாரு" என்று கடைசியில் கூப்பிட்டாள். "உன்னப் பாத்தா அதுக்கு எவ்ளோ சந்தோசம் பாரு. கல்லால அடிச்சவன் மட்டும் கையில கெடைச்சான்னா, நான் சும்மா வுட மாட்டேன்."

அவர் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வரும்போது கடையில் நிறுத்தி, கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் அன்று ஒளித்துவைத்த பட்டையை எடுத்து நாய்க்குக் கட்டினார். சாட்சி இருந்தால் சந்தேகம் வராது. யாரோ திட்டக்குடிக்காரன் தூக்கிப்போயிருந்தான், நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டான் என்று கதையும் தயார்.

வீட்டில் வாசுகி சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். கனிஷ்கா ஹாலுக்கு வந்தாள்.

"யாரு பாரு! பிஸ்கட்!"

கனிஷ்கா பார்த்தாள். முகம் விரியவில்லை.

"இது பிஸ்கட் இல்லப்பா. பிஸ்கட் பிரவுனு. இது ஏதோ சொறி நாயி."

"முடிய வெட்டிட்டாங்கம்மா. வளந்தாச் சரியாப் போயிடும்."

அவள் மண்டியிட்டு, "பிஸ்கட்" என்று கையை நீட்டினாள். நாய் அந்தக் கையைப் பார்த்தது. சீப்பைப் பிடித்துச் சடையோடு தோலையும் இழுத்த கை. வாலைக் கால்களுக்கிடையே சொருகிக்கொண்டு கொளஞ்சிநாதனின் பின்னால் போய் ஒளிந்தது.

"பிஸ்கட்டா இருந்தா என்கிட்ட வராம உங்ககிட்ட போவுமா? அதுக்கு நான்னா உசுரு."

இதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. பெற்ற மகளிடம் சொல்லக் கூடியது இல்லை. ஆகவே சாட்சியை எடுத்தார். "சரி, கழுத்தப் பாரு. உன் பேரு, என் நம்பரு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

கனிஷ்கா பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தகட்டைத் தடவினாள்.

"இது உங்க கல்லாவுல இருந்துச்சுப்பா" என்றாள்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"போன வாரம் டியூஷன் ஃபீஸ் எடுத்துக்கச் சொன்னீங்களே, அப்பப் பாத்தேன். அதுக்குப் பட்டை ரெண்டா வாங்கியிருந்தீங்க போலருக்குது, நெனப்புக்கு ஒண்ண பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஒங்களுக்கும் அழுவ வருது, எங்க முன்னால காட்டிக்க மாட்றீங்கன்னு அம்மாகிட்டகூடச் சொல்லல."

தகட்டின் மூலையில் ஒரு சின்னக் கீறல். பிஸ்கட் குட்டியில் கடித்து விளையாடியபோது பட்டது. அதன் மேல் நகத்தை வைத்தாள். பிறகு நாயின் விலாவில் இருந்த வடுவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வலது கையை. வியாபாரி வீட்டுப் பெண், கூட்டலுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

"கண்ணு..." என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். "இன்னா வேணும், சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போனு. நாப்பதாயிரம்."

"இருவது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடிப்பதற்குள் அவள், "சரி" என்றாள்.

முதல் எதிர்விலைக்கே சம்மதிக்கிற ஆளைக் கொளஞ்சிநாதன் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனாலும் ஆன்லைனில் அங்கேயே, அவள் பார்க்கப் பணத்தைக் கட்டினார்.

"நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போயி ராஜினாமா எழுதிடலாம்" என்றார்.

"எதுக்கு?"

"பணம் கட்டிட்டேனேம்மா."

"அது அம்மாகிட்ட சொல்லாம இருக்கறதுக்குப்பா. ராஜினாமா தனி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. இருபத்தைந்து வருஷமாக வெளியூர்க்காரர்களிடம் பொம்மைக்கு விலை பேசி முடித்துவிட்டு, பெட்டி தனி, வைக்கோல் தனி என்று அவர் சொல்கிற அதே குரல். "சரி, அது எவ்ளோ?"

"அது விக்கறதுக்கு இல்லப்பா" என்றாள் கனிஷ்கா. எழுந்துகொண்டாள். "தொண்ணூறு நாளு முடியட்டும். சாமி இன்னா செய்யிதுன்னு பாக்கணும்."

வாசுகி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இது எந்த நாயிங்க?"

"பட்டறைக்கு" என்றாள் கனிஷ்கா. "அப்பாவுக்குப் புடிச்சிருக்காம்."

நாய் இப்போது சூளை ஓரத்தில்தான் படுக்கிறது. பெயர் வைக்கவில்லை. கொளஞ்சிநாதன் உள்ளே வந்தால் மட்டும் எழுந்து ஓடி வந்து, மரத்துப்போன அந்த வலது கையை நக்குகிறது. நக்குவது அவருக்குத் தெரிவதில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். முடி மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது. சும்மா வந்த சீப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது, அவரும் தேடவில்லை.

கடையை அடைக்கும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார். குட்டி வாங்கியது இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. பாலகிருஷ்ணன் கடிக்குத் தள்ளியது பதினாலாயிரம். பெரியநாயகிக்குப் பதினோராயிரம். மகள் வாய்க்கு இருபதாயிரம். ஆகப் பற்று எழுபத்தோராயிரத்து ஐந்நூறு. வரவு, ஏரியில் எறியாமல் மிச்சம் பிடித்த பட்டை, அறுநூற்றைம்பது. பாக்கி, ராஜினாமா ஒன்று.